மாணவர்க்கு ஏற்ற மடிக்கணினி
(கரவெட்டியில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



சமயச் சொற்பொழிவும் பண்ணிசையும் நிறைந்த இவ்விழாவிலே கணினிக் கடைச் சரக்கைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணுதல் கூடும். ஆயினும், பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்த வீட்டில் அடுத்த கிழமையே எழும் கேள்வி, "என்ன மடிக்கணினி வாங்குவது?" என்பதேயாம். தாயாரின் காப்பு அடகுக்குப் போன பின்னர்தான் பல வீடுகளில் அக்கேள்விக்கு விடை கிடைக்கின்றது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபாயை எட்டியது. அன்று ஏறிய கணினி விலை பழைய இடத்துக்கு இறங்கவேயில்லை.

இந்நிலையில் நமக்கு ஒரு வாய்ப்பு வந்திருக்கின்றது. மைக்ரோசொஃப்ற் நிறுவனம் 2025 ஒக்ரோபர் 14ஆந் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11 இன்ரெல் செயலிகளில் பெரும்பாலும் எட்டாந் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே வேண்டுமென்கிறது. அதனால், உடலில் யாதொரு பழுதுமில்லாத அலுவலகக் கணினிகள் வயது காரணமாகக் கழிக்கப்படுகின்றன. வண்டியிழுக்கும் மாட்டைப் பல் பார்த்து விற்பது போன்ற காரியம் இது. லினக்ஸ் இவ்வாறு வயது கேட்பதில்லை. 1991இல் பின்லாந்து மாணவராயிருந்த லினஸ் ரோர்வால்ட்ஸ் தொடங்கிய அக்கருவின்மேல் டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ற் முதலிய இயங்குதளங்கள் எழுந்துள்ளன. அவற்றின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம்.

இலவசமாய் வருவது தரங்குறைந்தது என்பாருமுளர். 2004 ஆழிப்பேரலை நமது வடமராட்சிக் கரையையும் அழித்த அந்நாட்களில், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவு செய்வதற்கு இலங்கை நிரலாளர் எழுதிய 'சகானா' என்னும் மென்பொருள் திறந்த மூலத்ததே. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் நமது மின்னூற் களஞ்சியமும் மீடியாவிக்கி என்ற கட்டற்ற மென்பொருளின்மேல் நிற்கின்றது.

இனி, எதை வாங்குவது? பளபளப்பான புதிய மலிவுக் கணினியிலும், அலுவலகங்களுக்கென்று செய்யப்பட்ட பழைய கணினியே மேலென்பது எனது துணிபு. திங்பாட் வகையிலே 2017இல் வந்த ரி470, எக்ஸ்270 ஆகிய இரண்டையும் உதாரணமாகக் கொள்வோம். முன்னது ஏறக்குறைய 1.6 கிலோ, பின்னது 1.3 கிலோ. கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ பேருந்தில் நின்றுகொண்டு பயணஞ்செய்யும் பிள்ளைக்கு அந்த முந்நூறு கிராமின் அருமை தெரியும். இரண்டிலும் உள்ளே ஒரு பற்றறியும் வெளியே ஒன்றும் உண்டு. வெளிப்பற்றறியைக் கணினியை நிறுத்தாமலே மாற்றலாம். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டைக் கண்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நினைவகத்தைக் கழற்றிப் பெரிதாக்கலாம்; 8 கிகாபைற் இருந்தாற் படிப்புக்குப் போதும். ரி470இல் அதற்கு இரண்டு இடங்கள், எக்ஸ்270இல் ஒன்றே. மெல்லிய புதிய கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் நெல்லியடித் திருத்துநர் கையை விரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. டெல் லற்றிரியூட், எச்.பி. எலீற்புக் வகைகளிலும் நல்லவை உள.

ஒரு குறையையும் மறைத்தலாகாது. எக்ஸ்270 பலவற்றில் திரை மங்கலானது. கடையின் உள்ளே பார்த்து ஏமாறாமல் விறாந்தைக்குக் கொண்டுவந்து, தமிழ்ப் பக்கமொன்றைத் திறந்து வாசித்துப் பாருங்கள்.

காசு கொடுக்குமுன் செய்ய வேண்டியது இன்னுமொன்று. லினக்ஸ் ஏற்றிய பென்ரைவ் ஒன்றைச் செருகி, வட்டிலே எதனையும் நிறுவாமல் அதிலிருந்தே கணினியை இயக்குக. வைஃபை பிடிக்கின்றதா? இன்ரெல் அட்டையாயின் பெரும்பாலும் தொல்லையில்லை. புரோட்கொம் அட்டைகள் சில அலைக்கழிக்கும். மூடியை மூடித் திறந்தால் உறக்கத்திலிருந்து எழுகின்றதா? எல்லா விசைகளும் எழுதுகின்றனவா? உப்புக்காற்று பட்ட செருகுவாய்களிலே துரு உண்டா? பற்றறியின் ஆதிக் கொள்ளளவையும் இன்றைய கொள்ளளவையும் இயங்குதளமே எண்களாகக் காட்டும். பாதிக்குக் கீழே போயிருந்தால் புதிய பற்றறிக்கான காசைக் கழித்தே விலை பேசுக. கணினியின் அடிப்படை அமைப்புக்கு முன்னையவர் கடவுச்சொல் இட்டிருந்தால், விற்பவர் எத்துணை இனிமையாகப் பேசினும் வாங்கற்க.

தமிழ் எழுதத் தமிழ்99, ரங்கநாதன் ஆகிய இரண்டு விசைப்பலகைகளும் லினக்ஸில் உண்டு. அலுவலகங்களில் இன்றும் உலாவும் பாமினி எழுத்துருவையும் நிறுவிக்கொள்ளலாம். ஆனால் ஓட்டோகாட் லினக்ஸில் நேரடியாக ஓடாது. ஆகையால் பொறியியல் பயில்வோர் தத்தம் துறையில் எம்மென்பொருள் கட்டாயமென்று முதலில் விசாரித்து, அப்படியாயின் விண்டோஸ் 11 ஏற்கக்கூடிய எட்டாந் தலைமுறைக் கணினியை வாங்கி, இரண்டு இயங்குதளங்களையும் அருகருகே வைத்துக்கொள்வதே தக்கது.

லினக்ஸ் மின்ற் ஏற்றிய பென்ரைவ்கள் சிலவற்றை வாயிலருகே மேசையில் வைத்திருக்கிறேன். பழைய கணினி வீட்டிலுள்ளோர் நாளைக்கு அதனைக் கொண்டுவந்தால் இருந்து பார்ப்போம்.