மூன்று நிமிடப் படம்



பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணி செய்து ஓய்வு பெற்றவன் நான். அந்த ஆண்டுகளில் பெரும்பகுதியும் சினிமாவைப் படிப்பின் பகையென்றே எண்ணியிருந்தேன். ஆசிரியப் பயிற்சி முடித்து 1980களில் நான் வேலையில் சேர்ந்தபோது, தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் டூரிங் டாக்கீஸ்கள் இருந்தன. கீற்றுக் கொட்டகை, மணல் தரை, பொழுது சாய்ந்ததும் ஒலிபெருக்கியில் பாட்டு. மறுநாள் முதல் பாடவேளையில் தலை சாயும் பையனை எழுப்பி நிறுத்தி, "நேற்று என்ன படம்?" என்று கேட்பேன். அவன் படத்தின் பெயரைச் சொல்லுமுன் என் பிரம்பு பேசிவிடும். அப்படிப்பட்டவன், படம் எடுக்கக் கற்பிக்கும் கோடை வகுப்பொன்றில் பத்து நாள் உட்கார்ந்திருந்தேன் என்றால் என் பழைய மாணவர்கள் நம்பமாட்டார்கள். அந்த வகுப்பில் ஒரு மாணவி பெற்ற அனுபவத்தையும், அவளால் நான் பெற்ற பாடத்தையும் இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

காலம் மாறிவிட்டது. பள்ளியே மாணவர்க்குப் படம் காட்டும் காலம் இது. 2022ஆம் ஆண்டில் தமிழக அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்பட விழா என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. படம் பார்க்கலாம் என்றால் படம் எடுக்கவும் கற்கலாம் அன்றோ? அவ்வெண்ணத்தோடு பென்னாகரம் வட்டத்துப் பள்ளியொன்றில் மே மாதத்தில் பத்து நாள் வகுப்பு நடைபெற்றது. திரைப்படத் தொழில் பயின்ற இளைஞர் இருவர் கற்பித்தனர். மாணவர் பதினெண்மர். கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. அவரவர் வீட்டுச் செல்பேசி, ஒரு முக்காலி, ஒரு கணிப்பொறி, அவ்வளவே. ஒவ்வொருவரும் மூன்று நிமிடப் படம் ஒன்று எடுக்க வேண்டும். மாணவர் எழுதும் கதைகளில் தமிழ்ப் பிழை திருத்துவதற்காக என்னை அழைத்திருந்தார்கள்.

"மூன்று நிமிடத்தில் என்ன காட்ட முடியும்?" என்று முதல் நாளே ஒரு பையன் கேட்டான். அதற்கு விடையாகச் சினிமாவின் பிறப்பையே அந்த இளைஞர்கள் எடுத்துக் கூறினார்கள். 1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுப் படம் காட்டினர். அன்று காட்டிய படங்கள் பத்து. ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்திற்கும் குறைவானது. அக்காலப் படச்சுருளின் நீளம் ஏறத்தாழ 17 மீட்டர். நொடிக்கு 16 படங்கள் வீதம் ஓட்டினால் சுமார் 50 நொடியில் அது தீர்ந்துவிடும். தம் தொழிற்சாலையின் கதவு திறந்து தொழிலாளர் வெளியே வருவதைத்தான் அவர்கள் எடுத்திருந்தார்கள். அரசனும் இல்லை, போரும் இல்லை. வேலை முடிந்து வீடு திரும்பும் மக்கள். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் உலகம் அதைப் பார்க்கிறது. மூன்று நிமிடம் எவ்வளவு பெரிய செல்வம் என்பது அந்தப் பையனுக்கு விளங்கிற்று, எனக்குந்தான்.

முதல் இரண்டு நாள் செல்பேசியைத் தொடவே விடவில்லை. ஏதேனும் ஒரு வேலையைக் கால் மணி நேரம் கண்ணால் பார்த்து, கண்டதை மட்டும் எழுதி வரவேண்டும் என்றார்கள். மாணவருக்குப் பெரும் ஏமாற்றம். நான் கூறவந்த மாணவி பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தவள். அவள் தந்தை பெங்களூரில் கட்டட வேலை செய்பவர். தாய் வீட்டில் புளி தட்டுபவர். எங்கள் மாவட்டத்தில் புளியமரம் மிகுதி. கோடையில் எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் அமர்ந்து, காய்ந்த புளியம்பழத்தைச் சிறு சுத்தியலால் தட்டி ஓடு நீக்கி, நார் உரித்து, கொட்டை எடுப்பதைக் காணலாம். அவள் தன் தாயின் வேலையைப் பார்த்து எழுதி வந்தாள். முதல் நாள் எழுதியது நான்கு வரி. "நாள்தோறும் பார்ப்பதுதானே ஐயா, இதில் எழுத என்ன இருக்கிறது?" என்றாள். மறுநாள் இரண்டு பக்கம் எழுதி வந்தாள். தாய் ஒவ்வொரு பழத்தையும் தட்டுமுன் விரலால் ஒருமுறை திருப்பிப் பார்க்கிறார் என்பதைத் தன் பதினைந்து வயதில் அன்றுதான் முதன்முதலாகக் கண்டதாக அதில் எழுதியிருந்தாள்.

மூன்றாம் நாள் படமெடுப்பு தொடங்கிற்று. துன்பங்களும் உடன் தொடங்கின. சன்னலைப் பின்னால் வைத்து எடுத்ததால் தாயின் முகம் கரிய நிழலாயிற்று. வெளிச்சம் எடுப்பவரின் பக்கத்திலிருந்து பொருளின்மேல் விழவேண்டும் என்பது தெரிந்தது. திண்ணைக்கு வந்து எடுத்தால் காற்றின் இரைச்சல் சுத்தியல் ஓசையை விழுங்கிவிட்டது. கை நடுங்கிப் படம் ஆடியது. "அம்மா, இப்படிப் பார், அப்படித் திரும்பு" என்று சொல்லப்போக, தாய் திருவிழாவில் போட்டோ எடுத்துக்கொள்பவர்போல் விறைத்து உட்கார்ந்துவிட்டார். இவை போதாவென்று, வீட்டிலிருந்தது ஒரே செல்பேசி. மாலை ஆறு மணிக்குமேல் அதைத் தொடக்கூடாது. பெங்களூரிலிருந்து தந்தையின் அழைப்பு வரும்.

அழும் நிலையில் வந்தவளுக்கு அந்த இளைஞர்கள் இருவர் கதையைச் சொன்னார்கள். சத்யஜித் ராய் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே, விடுமுறை நாட்களில் பதேர் பாஞ்சாலியை எடுக்கத் தொடங்கினார். 1952ஆம் ஆண்டு அக்டோபரில் நாணல் பூத்து வெண்மையாய்க் கிடந்த வெளியில் முதல்நாள் படப்பிடிப்பு. ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால், பூ முழுவதையும் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன! மீண்டும் பூப்பதற்கு அடுத்த பருவம்வரை அவர் காத்திருந்தார். படம் 1955ஆம் ஆண்டில் வெளிவந்தது. மற்றொருவர் தாதாசாகேப் பால்கே. 1913ஆம் ஆண்டில் ராஜா அரிச்சந்திரா படத்தை வெளியிடுவதற்கு முன், தொட்டியில் பட்டாணி விதையை ஊன்றி, அது முளைத்துக் கொடியாகும்வரை நாள்தோறும் ஒவ்வொரு படமாக எடுத்துத் தொடுத்தார். திரையில் கண்முன்னே விதை முளைத்துச் செடியாவதைக் கண்டே அவருடைய அடுத்த முயற்சிக்குப் பணம் தர முன்வந்தார்கள். பட்டாணியை விரைந்து வளரச் சொல்ல முடியுமா? காத்திருப்பதும் இக்கலையின் பகுதியே.

அவள் வீடு சென்று, செல்பேசியை ஒரு மரப்பெட்டியின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, தானும் தாயோடு அமர்ந்து புளி தட்டினாள். அரை மணியில் தாய் காமிராவை மறந்தார். மறந்தபின் எடுத்தவையே அந்தப் படத்தின் உயிரான காட்சிகள்.

ஏழாம் நாள் படத்தொகுப்பு. அவளிடம் ஒரு மணி நேரத்துக்கு மேல் காட்சிகள் இருந்தன; வேண்டியதோ மூன்று நிமிடம். "எதை விடுவது ஐயா? எல்லாம் என் அம்மா அல்லவா?" என்றாள். தமிழரான ஏ. கே. செட்டியார் உலகெங்கும் அலைந்து காந்தியடிகளைப் பற்றிய படக்காட்சிகளைச் சேர்த்ததை அவளுக்கு நான் நினைவூட்டினேன். அவர் திரட்டியது ஏறத்தாழ 50,000 அடிப் படச்சுருள். பேசும்படத்தின் வேகத்தில் ஓட்டினால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதிலிருந்து தேர்ந்தெடுத்தே 1940ஆம் ஆண்டில் தம் ஆவணப்படத்தை அவர் வெளியிட்டார். திரட்டுவதற்கு உழைப்பு வேண்டும். விடுவதற்குத் தெளிவு வேண்டும். கட்டுரை எழுதும் உங்களுக்கும் இது பொருந்தும்.

இதுவரை எல்லாம் நன்றாகவே நடந்தது. இனிக் கூறப்போவது என் பிழை.

படத்துக்குப் பின்னணியில் சில வாக்கியம் வேண்டுமென்று அவள் என்னிடம் வந்தாள். நாற்பது ஆண்டுத் தமிழ் என் பேனாவில் பொங்கிற்று. வறுமையின் கொடிய பிடியில் வாடும் ஓர் ஏழைத் தாய், தேய்ந்த விரல்கள், தீராத கண்ணீர் என்றெல்லாம் எழுதிக் கொடுத்தேன். வேறொரு மாணவன் சோகமான குழலிசையைச் சேர்த்தான். போட்டுப் பார்த்தோம். எனக்கே கண் கலங்கிற்று. வகுப்பில் எல்லாரும் கைதட்டினர்.

ஒன்பதாம் நாள் மகளுக்குச் சோறு கொண்டுவந்த தாயிடம் அதைக் காட்டினாள். அவர் கணிப்பொறிமுன் நின்றபடியே பார்த்தார். முடிந்ததும் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "ஏன் பாப்பா, நான் எப்ப அழுதேன்?" என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். அவர் என் பக்கம் திரும்பி, "சார், ஓடு உடையணும், உள்ளே பழம் நசுங்கக் கூடாது. அந்தக் கணக்கு எத்தனை பேருக்கு வரும்? அதை ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றார். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்குப் பெரிதும் வெட்கமாயிருந்தது.

நான் என்ன செய்தேன் என்று எண்ணிப் பாருங்கள். அந்த அம்மையாரின் வீட்டுப் படியைக்கூட நான் மிதித்ததில்லை. பழத்தைத் திருப்பிப் பார்க்கும் அந்த விரலை மகள் கண்டாள், எழுதினாள், படமாகவும் எடுத்தாள். அதன்மேல் நான் என் கண்ணீரைக் கொட்டி மூடிவிட்டேன். வறுமை அவர் வீட்டில் இல்லை என்று கூறவில்லை. கூலி குறைவு, கணவர் தொலைவில் இருக்கிறார். ஆயினும் அவர் தம்மை இரங்கத்தக்கவராகக் கருதவில்லை. தொழில் தெரிந்தவராகக் கருதினார். பிறர்மேல் இரக்கம் கொள்வது நல்லதே. ஆனால் இரக்கம் அவருடைய பெருமையைப் பறித்துக்கொள்ளுமானால் அது நல்லதாகுமா?

இளைஞருள் ஒருவர் அப்போது பிளாஹெர்ட்டி என்னும் அமெரிக்கரைப் பற்றிக் கூறினார். வட கனடாவின் பனிநிலத்தில் இனுயிட் மக்களோடு தங்கி, 1922ஆம் ஆண்டில் நானூக் என்ற படத்தை வெளியிட்டவர் அவர். எடுத்த பகுதிகளை அங்கேயே கழுவி, நடித்த மக்களுக்கே போட்டுக் காட்டி, அவர்கள் துணையோடு மேலும் எடுத்தார். அவர் படத்திலும் உண்மையல்லாதவை உண்டு. பழங்காலத்து வேட்டை முறையை அன்றைய வழக்கம்போல் நடிக்கச் செய்தார் என்று அறிஞர் குறை கூறுவர். எனினும், யாரைப் படமெடுக்கிறோமோ அவர்முன் அதை வைப்பது நல்ல வழி. அன்று அந்தத் தாயின் முன் வைத்திராவிட்டால் எங்கள் பிழை எங்களுக்கே தெரிந்திராது.

அன்று மாலையே மாணவி குழலிசையை நீக்கினாள். என் வாக்கியங்களையும் நீக்கினாள். "வருந்தாதீர்கள் ஐயா" என்று எனக்கு ஆறுதலும் சொன்னாள்! பழத்தின் ஓடு வெடிக்கும் கணத்தை மிக அருகில் வைத்துப் புதிதாக எடுத்தாள். தாய் கூறிய அந்த ஒரு கணக்கை அவர் குரலிலேயே பதிவு செய்து சேர்த்தாள். மற்றெல்லா இடத்திலும் சுத்தியல் ஓசைதான். அப்படி எடுத்துக்கொண்டிருக்கும்போது செல்பேசி மணி ஒலித்தது. தாய் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, முகம் மலர்ந்து, காமிராவை நோக்கிக் கையை நீட்டினார். அத்துடன் காட்சி அற்றது. வீணாயிற்று என்று அவள் அழிக்க இருந்த அதுவே படத்தின் முடிவாயிற்று.

பத்தாம் நாள் பள்ளி முற்றத்தில் வெள்ளை வேட்டி கட்டிப் படங்களைக் காட்டினோம். ஊரார் வந்திருந்தனர். ஓடு வெடித்தபோது பெண்கள் பக்கத்திலிருந்து, "ஆகா, பழம் முழுசா வந்திருச்சு!" என்று ஒரு குரல் எழுந்தது. மாணவியின் தாய்க்கு மட்டும் முழு நிறைவு இல்லை. "கடைசிப் பழத்தை இன்னும் கொஞ்சம் மெதுவாத் தட்டியிருக்கணும்" என்றார். தன் வேலையைத் திரையில் கண்டு அதில் குறை கூறும் உரிமை அவருக்குத்தானே உண்டு!

இதைக் கேட்கும் இளைஞர்களே, தருமபுரிக்கு வந்தால் அங்குள்ள அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பாருங்கள். ஆநிரை மீட்கவும் ஊர் காக்கவும் இறந்த வீரர்க்கு நட்ட கற்கள் அவை. எங்கள் மாவட்டத்தில் எங்கும் காணலாம். எழுத்து இரண்டொரு வரி, உருவம் ஒன்று. வில்லேந்தி அல்லது வாளோங்கி அவன் நிற்கிறான். உடலில் அம்பு தைத்திருப்பதும் உண்டு. ஆயினும் அவன் அழவில்லை, செயல் செய்துகொண்டிருக்கிறான். ஒருவனைப் பெருமையோடு நினைவுகூர விரும்பினால் அவன் செயலைக் காட்டினால் போதும் என்பது அந்தப் பெயரறியாத சிற்பிகளுக்குத் தெரிந்திருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு, பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி சொல்லி நான் அதை அறிந்தேன்.

இன்று உங்களிற் பலர் கையில் காமிரா இருக்கிறது. எடுக்குமுன் பாருங்கள், பார்த்தபின் காத்திருங்கள். ஒருவரைப் படம் எடுக்குமுன் அவர் இசைவைக் கேளுங்கள். எடுத்தபின் ஊருக்குக் காட்டுமுன் அவருக்குக் காட்டுங்கள். அவர் தம்மை எப்படிக் காண்கிறார் என்பது உங்கள் படத்தில் இருக்கட்டும்.

டூரிங் டாக்கீஸுக்குப் போய்வந்த அந்தப் பையன்களை இப்போது நினைத்துக்கொள்கிறேன். "நேற்று என்ன படம்?" என்று கேட்டு அடித்தேனே, "அதில் என்ன கண்டாய்?" என்று ஒருநாளேனும் கேட்டிருக்கலாம். வகுப்பில் தூங்கியவனும் விழித்துக்கொண்டு விடை சொல்லியிருப்பான்.