கழுத்துக் கட்டியும் கணிப்பொறியும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உடம்பைப் பற்றிய அறிவு வைத்தியருக்கு மட்டும் உரியதன்று. உடம்புடையார் அனைவர்க்கும் உரியது. ஆகலின், தமிழாசிரியராகிய நாம் இன்று தைராய்டுக் கட்டியைக் குறித்துச் சில கூறத் துணிந்தோம்.

தைராய்டு என்பது குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழலின் முன்புறத்தே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்த சுரப்பியாம். அதனுட் சிறு கட்டிகள் தோன்றுதல் மிக இயல்பு. ஆடவரினும் மகளிர்க்கு மிகுதி. அவற்றுள் 100க்கு 90க்கு மேற்பட்டவை புற்று அல்லாதனவே. இதனை அறியாமையால் நம் குடும்பங்களில் இருவகைத் தீங்கு நேர்கின்றது. மணப்பருவத்துப் பெண்ணின் கழுத்தில் வீக்கங் கண்டால், சம்பந்தம் தட்டிப்போகும் என்றஞ்சி மறைப்பார் ஒருசாரார். கட்டி என்ற சொல் செவியிற் பட்டவுடனே அறுத்தெறிய ஓடுவார் மற்றொரு சாரார். இருசாராரும் ஆராயாது செய்வாரே.

ஆராயும் வழி யாதோவெனில், அல்ட்ராசவுண்டு ஸ்கேன் என்க. மனிதர் செவி நொடிக்கு 20,000 அதிர்வு வரையே கேட்கும். இக்கருவியோ கோடியளவான அதிர்வுகளைக் கழுத்தினுட் செலுத்தி, மீண்டுவரும் எதிரொலியைப் படமாக்கும். எக்ஸ்ரே போன்ற கதிர் இதில் இன்மையால் கருவுற்றாரும் அஞ்சவேண்டா.

அப்படத்தைப் படித்தற்கு அமெரிக்கக் கதிரியல் கல்லூரியார் 2017ஆம் ஆண்டில் டைராட்ஸ் என்னும் முறையை வெளியிட்டனர். கட்டி திண்ணியதா, நீர் நிறைந்ததா, எதிரொலி மிக்கதா, குறைந்ததா, அகன்று கிடக்கின்றதா, உயர்ந்து நிற்கின்றதா, விளிம்பு ஒழுங்குடையதா, உள்ளே சுண்ணப்புள்ளிகள் உளவா என ஐந்தனையும் நோக்கி மதிப்பெண் இடுவர். பள்ளியில் மதிப்பெண் மிகின் மகிழ்ச்சி. இங்கோ மிகின் ஐயம். 7உம் அதற்கு மேலும் பெற்ற கட்டி 1 செ.மீ. அளவை எட்டின், மெல்லிய ஊசியால் உயிரணுக்களை எடுத்துச் சோதித்தல் வேண்டும். 3 மட்டுமே பெற்றதாயின், 2.5 செ.மீ. ஆகும்வரை ஊசி வேண்டா.

எனினும், ஒரு படத்தையே இரு மருத்துவர் இருவேறாகப் படித்தலும் உண்டு. இவ்வேறுபாட்டைக் குறைக்கவே கணிப்பொறியைத் துணைக்கொண்டனர். பழைய படங்களையும் அவற்றின் முடிவுகளையும் காட்டிப் பொறியைப் பழக்குவர். 2019இல் டியூக் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், பொறியும் தேர்ந்த மருத்துவரும் ஏறத்தாழ நிகராகக் காணப்பட்டனர்.

ஆயினும் மாணாக்கனது அறிவு அவன் கற்ற பாடத்தின் அளவே. படம் பிழையாக எடுக்கப்படின் பொறியின் தீர்ப்பும் பிழையாம். குடும்பத்தில் இந்நோய் உண்டா, இளமையிற் கழுத்தில் கதிர்ச் சிகிச்சை நடந்ததா, குரல் மாறிற்றா என வினவி அறிபவர் மருத்துவரே. பொறி துணை, தலைவர் அவர்.

மேலும், கருவி கூரியதாயின் மட்டும் போதாது. அதனை அளவறிந்து ஆளுதல் வேண்டும். தென்கொரியாவில் நோய்க்குறி இல்லாதாரும் பெருந்திரளாகக் கழுத்தை ஸ்கேன் செய்துகொண்டனர். 2011இல் அங்கே கண்டறியப்பட்ட தைராய்டுப் புற்று 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்காயிற்று. இறந்தார் தொகையோ மாறவில்லை. தீங்கு செய்யாது கிடந்திருக்கக்கூடிய நுண்கட்டிகளுக்காகப் பலர் சுரப்பியை இழந்து, வாழ்நாள் முழுதும் மாத்திரை உண்பாராயினர். 2014இல் அந்நாட்டு மருத்துவர் சிலர் வெளிப்படையாக எச்சரித்த பின்னரே அறுவைகள் குறைந்தன.

ஆதலின் அன்பர்களே, கட்டி தோன்றின் மறைக்கவேண்டா. குறியொன்றும் இன்றி ஸ்கேனைத் தேடி ஓடவும் வேண்டா. அறிக்கை கைக்கு வந்தால், "இஃது எந்த வகுப்பு? அளவு எவ்வளவு? ஊசிச் சோதனை வேண்டுமா, காத்திருக்கலாமா?" என்று மருத்துவரைப் பணிவுடன் கேளுங்கள். பெண்கொள்ள வருவோர்க்கும் ஒன்று சொல்வோம்: கழுத்திலுள்ள கட்டி குணத்திலுள்ள குற்றமன்று. அதனைக் காரணமாக்கி ஒரு பெண்ணின் வாழ்வைத் தடுத்தலே குற்றம். அக்குற்றம் நம் குடும்பங்களில் நிகழாதிருப்பதாக.