போட்ட குப்பை எங்கே போகிறது?

(தோட்டப் பாடசாலையொன்றில் நடைபெற்ற பெற்றோர் - மாணவர் கூட்டத்தில், கல்முனைப் பகுதி ஆசிரியர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நாங்கள் கல்முனைப் பக்கத்து ஆசிரியர்கள். கடற்கரை ஊர்க்காரருக்கும் மலைத் தோட்டத்தாருக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. பதுளைப் பக்கத்து மலைகளிலே பிறக்கிற கல்லோயா ஆறு 108 கிலோமீற்றர் ஓடி வருகிறது. இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரத்தை நிரப்பி, அம்பாறை வயல்களுக்குத் தண்ணீர் கொடுத்து, ஒலுவில் பக்கத்தில் கடலில் விழுகிறது. மலையில் பெய்த மழையில்தான் எங்கள் நெல் விளைகிறது. ஆகவே நாம் எல்லோரும் ஒரே தண்ணீரைக் குடிக்கிற மேல்வீட்டுக்காரரும் கீழ்வீட்டுக்காரரும்தான்.

சுற்றாடல் மாசடைவதைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று பேசும்படி எங்களைக் கேட்டிருக்கிறீர்கள். படம் கீறச் சொல்லலாம், பேச்சுப்போட்டி வைக்கலாம், மரம் நடலாம். இவை எல்லாம் நல்லவைதான். ஆனால் அவற்றுக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. "நீ போட்ட குப்பை எங்கே போகிறது?" இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த பிள்ளைக்கு மற்றப் பாடம் எல்லாம் தானாக விளங்கும்.

பள்ளக்காட்டு யானைகள்

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவை யானைகள்.

கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று எங்கள் ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவிலே ஒடுங்கிய மணல்தரை. அதிலே வீட்டுக்கு வீடு சுவர். குழி தோண்டிக் குப்பை புதைக்க இடம் இல்லை. ஆகையால் குப்பை ஊருக்கு வெளியே போக வேண்டியிருக்கிறது. அப்படிக் குப்பை கொட்டிய இடங்களில் ஒன்று, அட்டாளைச்சேனைப் பக்கத்தில் அஷ்ரப் நகரை அண்டிய பள்ளக்காடு. பெயரிலேயே காடு இருக்கிறது. அது யானைகள் நடமாடும் பூமி.

குப்பை மேட்டுக்கு யானைகள் வரத் தொடங்கின. 2022ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் வெளியான செய்திகளின்படி, அதற்கு முந்திய எட்டு வருடங்களில் சுமார் 20 யானைகள் அந்தக் குப்பையைத் தின்று செத்திருந்தன. செத்த யானையின் வயிற்றை மிருக வைத்தியர்கள் அறுத்துப் பார்த்தபோது உள்ளே இருந்தவை பொலித்தீனும், சாப்பாட்டுப் பொதி சுற்றிய தாள்களும், பிளாஸ்டிக்கும், தண்ணீரும்தான். புல், இலை, கிளை என்று யானை வழக்கமாகத் தின்னும் தீனியைக் காணவில்லை.

பொலித்தீன் செரிக்காது. வயிறு நிறைந்திருக்கும், உடம்பில் ஒன்றும் சேராது. நாளுக்கு நாள் மெலிந்து, கடைசியில் தன் பாரத்தைத் தானே தாங்க முடியாமல் யானை விழுந்துவிடும். விழுந்த யானைக்குத் தீனியும் இல்லை, தண்ணீரும் இல்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கை முழுவதும் இருந்தவை 5,879 யானைகள். அதிலே 20 போனது சின்ன விஷயம் அல்ல.

கலந்ததுதான் வினை

இனிப் பிள்ளைகளிடம் ஒன்று கேட்போம். யானைக்குப் பொலித்தீன் மேல் ஆசையா? இல்லை. அதைக் குப்பை மேட்டுக்கு இழுத்தது மிச்சச் சோறும், கறியும், அழுகிய மரக்கறியும், பழத்தோலும். அவை பைக்குள்ளே கட்டி வீசப்பட்டிருந்தன. யானை முடிச்சை அவிழ்த்தா தின்னும்? பையோடு சேர்த்துத்தான் தின்றது.

சோற்றை வேறாகப் போட்டிருந்தால் அது மண்ணுக்கு உரம். பையை வேறாக வைத்திருந்தால் மறுபடி பாவித்திருக்கலாம், சேர்த்துக் கொடுத்திருக்கலாம். இரண்டும் கலந்தபோதுதான் அது நஞ்சானது. நாங்கள் இன்று சொல்ல வந்த பாடம் இவ்வளவுதான்: கலக்காதே, பிரித்து வை.

"எங்க தோட்டத்துல யானை இல்லையே" என்று சொல்லாதீர்கள். லயத்துக்குப் பின்னால் மிச்சச் சோறு கொட்டினால் நாய் கூடும், பன்றி வரும். நாயைத் தேடிச் சிறுத்தை வரும். மலைநாட்டுத் தோட்டங்களில் இது நீங்கள் கண்ட காரியம். கானுக்குள் சிக்கிய பைகள் மழைத் தண்ணீரை மறித்தால், அது லயக் காம்பரா வாசலுக்குத்தான் வரும். வீசிய தயிர்க் கோப்பையிலும் சிரட்டையிலும் நுளம்பு முட்டையிட்டால் டெங்கு.

மனிதரும் தப்பவில்லை. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளிலே, கொழும்புக்குப் பக்கத்தில் மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. 30க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அங்கேயும் எல்லாம் ஒன்றாகக் கொட்டிய குப்பைதான்.

பாடசாலையில் மூன்று வேலைகள்

ஆரம்ப வகுப்புகளில் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று ஒரு பாடமே இருக்கிறது. பெரிய பிள்ளைகளுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சுற்றாடல் முன்னோடிகள் திட்டம் இருக்கிறது, அதற்குப் பதக்கங்களும் உண்டு. இவற்றுக்குள்ளேயே செலவில்லாமல் செய்யக்கூடிய மூன்று வேலைகளைச் சொல்கிறோம்.

முதலாவது, கணக்கு. ஒரு கிழமைக்கு வீட்டில் சேரும் குப்பையைப் பிள்ளை அப்பியாசக் கொப்பியில் எழுதட்டும். உக்குவது, கடதாசி, பொலித்தீன் - பிளாஸ்டிக், போத்தல் - தகரம் என்று நான்கு நிரல் போதும். கிழமை முடிவில் எது கூட என்று வகுப்பில் கூட்டிப் பார்க்கட்டும். சமையற்கட்டுக் கழிவு எவ்வளவு என்பது அப்போது பிள்ளைக்கே தெரியும்.

இரண்டாவது, புதைத்துப் பார்ப்பது. பாடசாலைத் தோட்டத்தில் ஐந்து சிறு குழிகள் தோண்டி வாழைப்பழத்தோல், தேயிலைச் சக்கை, கடதாசி, ஷொப்பிங் பை, டொபி சுற்றிய தாள் என்று ஒவ்வொன்றிலும் ஒன்றைப் போட்டு, குச்சி நட்டு, திகதி எழுதி மூடுங்கள். இரண்டு மாதம் கழித்துத் தோண்டுங்கள். தோலும் சக்கையும் மண்ணோடு மண்ணாகப் போயிருக்கும். பையும் டொபித் தாளும் போட்டபடியே கிடக்கும். ஆசிரியர் ஒரு மணித்தியாலம் பேசுவதைவிட அந்தக் குழி கூடச் சொல்லும்.

மூன்றாவது, தண்ணீரின் வழி. பீலியிலிருந்து ஓடை, ஓடையிலிருந்து ஆறு, ஆற்றிலிருந்து கடல் என்று பிள்ளைகள் வரைபடம் கீறட்டும். மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. அந்தத் தண்ணீரை அம்பத்தலையில் சுத்திகரித்துக் கொழும்பு மக்கள் குடிக்கிறார்கள். கொத்மலை ஓயா மகாவலியில் சேர்ந்து, திருகோணமலைப் பக்கத்தில் கடலைச் சேருகிறது. தன் லயத்து ஓடையில் போட்ட பை எத்தனை பேர் வாசலைக் கடக்கும் என்று பிள்ளை தன் கையாலேயே கீறிப் பார்க்கட்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது

பாடசாலையில் படித்ததை வீட்டில் அழித்துவிடக் கூடாது. பிள்ளை வந்து, "அம்மா, அடுப்பு பத்த வைக்க ஷொப்பிங் பை போடாதீங்க" என்று சொன்னால், "நீ எனக்குப் பாடம் சொல்ல வந்துட்டியா?" என்று அதட்டாதீர்கள். பிள்ளை சொல்வது சரி. அது நச்சுப் புகை. புகைபோக்கி சரியில்லாத சின்ன அடுப்படியில் அந்தப் புகையை முதலில் குடிப்பவர் தாயும், மடியில் இருக்கும் குழந்தையும்தான்.

வீட்டில் இரண்டு வாளி வையுங்கள். ஒன்றில் உக்குவது, மற்றதில் உக்காதது. உக்குவதைக் குழியில் போட்டு மண் தூவி வந்தால் போஞ்சிக்கும் கோவாவுக்கும் காசில்லாத உரம். கடைக்குப் போகும்போது துணிப்பை கொண்டு போங்கள். 20 மைக்ரோனுக்கு மெல்லிய பொலித்தீன் பைகளையும் லஞ்ச் சீட்டையும் 2017 செப்டெம்பர் முதலாம் திகதியிலிருந்து சட்டம் தடை செய்திருக்கிறது. ஆனால் சட்டம் வந்து நம் கையிலுள்ள பையைப் பிடுங்காது. நாமே வாங்காமல் விட வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறோம். மருந்து அடித்த வெறும் கலனை ஓடையில் கழுவ வேண்டாம். தண்ணீர் பிடிக்க, எண்ணெய் ஊற்ற என்று வீட்டுக்குக் கொண்டு வரவும் வேண்டாம். எத்தனை தடவை கழுவினாலும் அது மருந்துக் கலன்தான். ஸ்டோரிலேயே திருப்பிக் கொடுங்கள்.

கேட்பது நம் உரிமை

"பிரித்து வைத்தால் யார் எடுக்கப் போகிறார்கள்?" என்று நீங்கள் கேட்பது நியாயம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தைக் காட்டி, தோட்டங்களுக்குச் செலவு செய்ய வழியில்லை என்று பல காலம் சொல்லப்பட்டது. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, தோட்ட மக்களுக்கும் சேவை செய்யப் பிரதேச சபைகளுக்கு வழி திறந்தது. ஆகவே குப்பை எடுக்க வண்டி கேட்பது கையேந்துவது அல்ல. நீங்களும் வாக்குப் போடுகிறவர்கள். தலைவர்மாரும், மாதர் சங்கமும், பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். "நாங்கள் பிரித்து வைத்திருக்கிறோம், உக்காததை மட்டும் எடுத்தால் போதும்" என்று சொல்லிக் கேளுங்கள். பிரித்து வைத்தவன் கேட்டால் மறுப்பது கஷ்டம்.

பாதையில் கிடக்கும் முள்ளை எடுத்து அப்பால் போடுவதும் ஒரு தர்மம் என்று எங்கள் ஊரில் சின்ன வயதிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். இந்தக் காலத்து முள் பொலித்தீன்தான். அதைப் பின்னால் வருகிறவன் எடுப்பான் என்று விட்டுவிட்டால், பள்ளக்காட்டில் வந்தது போல யானைதான் வரும்.

பிள்ளைகளே, இன்று வீட்டுக்குப் போனதும் இரண்டு வாளிக்கு இடம் பார்த்து வையுங்கள். பெற்றோரே, அவர்கள் கேட்டால் இடம் கொடுங்கள்.