பல் சுத்தம் செய்யும் அறையின் காற்று

சென்னைப் பக்கம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி... எந்தக் கடைத்தெருவுக்குப் போனாலும் ஒரு பல் ஆஸ்பத்திரி பலகை கண்ணில் படும். வேலப்பன்சாவடியில் பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பல் சுத்தம் செய்துகொள்வது இப்போது சகஜம். நல்லதுதான். ஆனால் அந்த அறையின் காற்றைக் கவனித்திருக்கிறீர்களா?

பல்லில் படிந்த காரையைப் பெயர்க்கும் கருவியின் முனை கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அதிரும். சூடு தணிக்கத் தண்ணீர் பீய்ச்சும். அது திவலையாகச் சிதறும். அதில் எச்சில் இருக்கும், கொஞ்சம் ரத்தம் இருக்கும், கிருமியும் இருக்கும். பெரிய துளி கீழே விழுந்துவிடும். பொடித்துளி விழாது, காற்றில் மிதக்கும். சமையலறையில் மிளகாய் தாளித்தால் கூடத்தில் இருப்பவருக்குத் தும்மல் வருகிறதே, அப்படித்தான். கருவியை நிறுத்திய பிறகும் மிதக்கும்.

கொரோனா காலத்தில், 2020 மே மாதம், மத்திய சுகாதார அமைச்சகம் பல் மருத்துவர்களுக்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன் பிறகுதான் பலரும் இந்தக் காற்றைப் பற்றி யோசித்தோம்.

காற்றில் கிருமி பரவுவதைக் குறைக்க முடியும். தொடங்குமுன் மருந்துத் தண்ணீரால் வாய் கொப்பளித்தால் கிருமி குறையும். அடுத்தது உறிஞ்சுகுழாய். உதட்டோரம் தொங்கும் மெல்லிய குழாய் தேங்கும் எச்சிலைத்தான் இழுக்கும். உதவியாளர் வாயருகே பிடிக்கும் பருத்த குழாய்தான் திவலையைப் பறக்குமுன் பிடிக்கும். அது இருக்கிறதா என்று கேளுங்கள், தப்பில்லை.

சுவரில் மாட்டிய ஏசி பெரும்பாலும் அதே காற்றைத்தான் சுற்றிவிடும். ஜன்னலைத் திறந்தால்தான் புதுக்காற்று வரும். சளி, காய்ச்சல் என்றால் போன் செய்து தேதியைத் தள்ளிப்போடுங்கள். டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.