செயற்கைக்கோள் தொலைக்காட்சி: விலைக்கு வரம்பு உண்டு, தெளிவுக்கு?

(பெங்களூரில் பொருளாதார மாணவர்களுக்கும் அரசு அலுவலர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொருளாதாரப் பாடநூல்கள் விலையைப் பற்றி விரிவாகவும் தரத்தைப் பற்றிச் சுருக்கமாகவும் பேசுகின்றன. விலையை எண்ணால் எழுதிவிடலாம். தரத்தை அவ்வாறு எழுதுவது கடினம் என்பதே காரணம். ஆனால் தரமும் ஓர் எண்ணாகவே அமைந்து, அந்த எண் வாங்குபவர் கண்ணில் மட்டும் படாதிருக்கும் பண்டங்களும் உண்டு. வீட்டுக் கூரையிலுள்ள சிறு தட்டின் வழியே வந்து சேரும் உயர்தெளிவு ஒளிபரப்பு, அதாவது எச்.டி. தொலைக்காட்சி, அத்தகைய பண்டமாகும். பெயரும் விலையும் மாறாதிருக்கும்போதே அதன் தெளிவு குறைந்துபோக முடியும். அவ்வாறு குறைவது ஏன், அதில் அரசுக்கு என்ன வேலை என்பவையே இன்றைய பொருள்.

இதைப் பேசுவதற்குப் பெங்களூர் பொருத்தமான ஊர். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைமையகமும், செயற்கைக்கோள்களை உருவாக்கும் யு.ஆர். ராவ் மையமும், அவற்றின் கொள்திறனை முன்பு வாடகைக்கு விட்ட ஆன்ட்ரிக்ஸ், இப்போது விடும் என்.எஸ்.ஐ.எல். ஆகிய நிறுவனங்களும் இங்கேதான் உள்ளன. கோள்களை இயக்கும் தலைமைக் கட்டுப்பாட்டு நிலையம் அருகே ஹாசனில் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சாதாரணத் தெளிவுள்ள ஒரு படத்தில் 720 பெருக்கல் 576, ஆக 4,14,720 புள்ளிகள் உள்ளன. உயர்தெளிவுப் படத்தில் 1920 பெருக்கல் 1080, அதாவது 20,73,600 புள்ளிகள்; சரியாக ஐந்து மடங்கு. இதைச் சுருக்காமல் அனுப்ப வேண்டுமானால் விநாடிக்கு ஏறத்தாழ 150 கோடி பிட்டுகள் தேவை. செயற்கைக்கோளில் உள்ள 36 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு டிரான்ஸ்பாண்டரோ, இன்றைய டி.வி.பி.-எஸ்2 முறையில்கூட விநாடிக்கு 6 கோடி பிட்டுகள் அளவே, அதாவது 60 மெகாபிட்டே, தாங்கும். ஆகவே சுருக்காமல் ஒளிபரப்பே இல்லை. முந்தைய படத்திலிருந்து மாறிய பகுதியை மட்டும் அனுப்புவது சுருக்கத்தின் அடிப்படை. செய்தி வாசிப்பவரின் முகத்திற்கு இது போதும். சின்னசாமி மைதானத்தில் பந்து எல்லைக்கோட்டை நோக்கி ஓடுகையில் கேமரா திரும்பும். புல், கூட்டம், கொடிகள் யாவும் ஒரே நேரத்தில் மாறும். அப்போது பிட்டுகள் போதாவிட்டால் புல்வெளி பச்சைக் களிம்பாகிவிடும். கூட்டம் சதுரக் கட்டங்களாக உடையும்.

இனி நிறுவனத்தின் பக்கம் நின்று நோக்குவோம். ஒரு டிரான்ஸ்பாண்டரில், அலைவரிசைக்கு விநாடிக்கு 10 மெகாபிட் ஒதுக்கினால் ஆறு எச்.டி. அலைவரிசைகள் அடங்கும். 6 மெகாபிட் எனில் பத்து. 5 எனில் பன்னிரண்டு. வாடகை மாறுவதில்லை, கடையில் அடுக்கும் சரக்கு இரு மடங்காகிறது. இத்தகைய தூண்டுதல் இருக்குமிடத்தில் யாரும் தீய எண்ணத்துடன் செயல்பட வேண்டிய அவசியமே இல்லை. ஆண்டுதோறும் ஓரிரு அலைவரிசைகளைச் சேர்த்துக்கொண்டே வந்தால் போதும். தெளிவு தானாகவே தேயும்.

குறைக்கும் வழி ஒன்று மட்டுமன்று. 1920 புள்ளிகள் இருக்க வேண்டிய வரியில் 1440 அல்லது 1280 புள்ளிகளை மட்டும் அனுப்பலாம். வீட்டிலுள்ள செட்டாப் பாக்ஸ் அதை இழுத்து நீட்டி 1920 ஆக்கிவிடும். திரையின் மூலையில் 1080 என்றே தோன்றும். இன்னொரு வழி, பல அலைவரிசைகளைச் சேர்த்து, அந்தந்த நொடியில் தேவைப்படுபவற்றிற்கு மட்டும் கூடுதல் பிட்டுகளை வழங்குவது. இது நல்ல முறைதான். ஒரு வீட்டில் விருந்தாளி வந்த நாளில் மற்றவர்கள் அளவாக உண்பது போன்றது. ஆனால் எல்லா அறையிலும் ஒரே நாளில் விருந்தாளி வந்தால் என்ன ஆகும்? ஞாயிறு மாலை ஒன்றில் கிரிக்கெட், திரைப்படம், நடனப் போட்டி மூன்றும் ஒரே டிரான்ஸ்பாண்டரில் ஓடும்போது அதுதான் நிகழ்கிறது.

பிற நாடுகளின் அனுபவம் இரண்டைக் குறிப்பிடுகிறேன். 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் பி.பி.சி. எச்.டி. அலைவரிசை விநாடிக்கு 16 மெகாபிட்டிலிருந்து 9.7 மெகாபிட்டாகக் குறைக்கப்பட்டது. புதிய சுருக்குக் கருவிகள் திறன்மிக்கவை, ஆகவே தரம் குறையவில்லை என்பது நிறுவனத்தின் விளக்கம். நேயர்கள் பலர் அதனை ஏற்கவில்லை, முறையீடு பி.பி.சி. அறக்குழு வரை சென்றது. இரண்டாவது அமெரிக்காவினுடையது. டைரக்டிவி நிறுவனம் எச்.டி. படத்தின் தெளிவைக் குறைத்துவிட்டதாகக் கூறிச் சந்தாதாரர் அனைவர் சார்பிலும் தொடுக்கப்பட்ட வழக்கைக் கூட்டு வழக்காக நடத்த 2009இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் இடமளிக்கவில்லை. ஒவ்வொரு சந்தாதாரரும் எதை நம்பி வாங்கினார் என்பது வேறுபடும் என்பது முக்கியக் காரணம். இதிலுள்ள சிக்கலை மாணவர்கள் கவனிக்க வேண்டும். தனி ஒருவரின் இழப்பு மாதம் சில டாலர். அதற்காக அவர் வழக்காட மாட்டார். அனைவரும் சேர்ந்து வழக்காடலாம் என்றால், அனைவரும் ஒன்றல்லர் எனப்படுகிறது.

நம் நாட்டிற்கு வருவோம். இங்கே கொள்திறன் தொடக்கம் முதலே அருமையான பொருளாக இருந்துள்ளது. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு நடந்த சைட் சோதனையில் ஆறு மாநிலங்களின் 2,400 சிற்றூர்கள் பங்குகொண்டன. கர்நாடகத்தில் குல்பர்கா, ராய்ச்சூர், பிஜாப்பூர் மாவட்டங்கள். அமெரிக்கக் கோளில் கிடைத்தது ஒரே படம், அதற்கு இரண்டு ஒலித்தடங்கள். ஒரே படத்தை இரு மொழியினர் பகிர்ந்துகொண்டனர். பற்றாக்குறை அனைவருக்கும் தெரிந்தே பங்கிடப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டி.டி.எச். சேவை 2003இல் தொடங்கியபின் தேவை பெருகியது. வழங்கல் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. 2006 ஜூலை 10 அன்று இன்சாட்-4சி கோளை ஏந்திய ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் தோல்வியுற்றது. அதில் 12 கு-பட்டை டிரான்ஸ்பாண்டர்கள் இருந்தன. 2010 ஜூலையில் இன்சாட்-4பி கோளின் சூரியத் தகடு ஒன்றில் மின்வழங்கல் பழுதானதால் பாதி டிரான்ஸ்பாண்டர்களை நிறுத்த வேண்டியதாயிற்று. அக்கோளை நம்பியிருந்த சன் டைரக்ட் நிறுவனம் மலேசியாவின் மீசாட்-3 கோளுக்கு மாற, இலட்சக்கணக்கான வீடுகளில் தட்டுகளைத் திருப்பி அமைக்கும் வேலை வந்தது. டி.டி.எச். கொள்திறனை விண்வெளித் துறை நிர்வகித்த விதத்தைத் தணிக்கைத் துறைத் தலைவரின் 2014ஆம் ஆண்டு அறிக்கை கடுமையாகவே விமர்சித்தது. பின்னர் நிலைமை ஓரளவு தேறியது. 2022 ஜூனில் ஏவப்பட்ட ஜிசாட்-24 கோளின் 24 டிரான்ஸ்பாண்டர்களும் முழுமையாக டாடா பிளே நிறுவனத்திற்குக் குத்தகைக்கு விடப்பட்டன. எனினும் இடம் பெருகினால் தெளிவு கூடும் என்று எண்ணிவிடக் கூடாது. நகரில் சாலையை அகலப்படுத்தினால் வண்டிகள் பெருகுவது போல, இங்கே அலைவரிசைகள் பெருகுகின்றன.

இப்போது விலைக் கட்டுப்பாடு. 2017 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பிறப்பித்த ஆணையின்படி, முதல் 100 அலைவரிசைகளுக்கு அடிப்படைக் கட்டணம் மாதம் 130 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. எண்ணிக்கைக்கு ஓர் எச்.டி. அலைவரிசை இரண்டு சாதாரண அலைவரிசைகளுக்குச் சமம். 2020இல் அதே 130 ரூபாய்க்கு 200 அலைவரிசைகள் என்றாயிற்று. 2024 ஜூலையில் இக்கட்டண வரம்பு நீக்கப்பட்டது.

அந்த "ஒன்றுக்கு இரண்டு" என்ற கணக்கில் சற்று நிற்க விரும்புகிறேன். நல்ல எச்.டி. அலைவரிசை ஒன்றுக்கு 8 மெகாபிட்டும் சாதாரண அலைவரிசைக்கு 2 மெகாபிட்டும் ஒதுக்குவதாகக் கொள்வோம். பேரேட்டில் இரண்டாகக் கணக்கிடப்படும் பொருள் கோளில் நான்கு மடங்கு இடத்தை அடைக்கிறது. அப்படியாயின் அதனை 4 மெகாபிட்டை நோக்கி இறக்கும்போதுதான் கணக்கு நேராகிறது! எளிமைக்காக வகுக்கப்பட்ட விதி, தான் எண்ணிப்பாராத திசையில் தூண்டுகோலாகிவிட்டது என்பது என் கருத்து. விதியெழுதும் அலுவலர்கள், நான் உட்பட, எண்ணிக்கையை விரும்புகிறோம்; எண்ணுவது எளிது.

மைக்கேல் ஸ்பென்ஸ் 1975இல் எழுதிய ஆய்வுரை இதற்கு அடிப்படை தருகிறது. விலையை மட்டும் கட்டிவைத்துத் தரத்தை நிறுவனத்தின் விருப்பத்திற்கு விட்டால், இலாபம் தரத்தைக் குறைப்பதில் தேடப்படும். மேலும், நிறுவனம் கருதுவது சராசரிச் சந்தாதாரரை அன்று. சேரலாமா விலகலாமா என விளிம்பில் நிற்பவரையே. அவர் தெளிவைப் பொருட்படுத்தாதவரானால், பெரிய திரை வாங்கி வைத்திருப்பவருக்கும் அவருக்கேற்ற படமே கிடைக்கும்.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட நூலின் கருத்து இதைவிட நமக்கு நெருக்கமானது. தரம் குறைந்தால் முதலில் வெளியேறுபவர்கள் தரத்தில் அக்கறை மிகுந்தவர்கள். உரத்துக் குறைகூறக்கூடியவர்களும் அவர்களே. அவர்கள் போனபின் கேட்பார் இல்லை. நைஜீரிய ரயில்வேயைக் கண்டு அவர் சொன்னது இது. நம் கட்டண டி.டி.எச். சந்தாதாரர் எண்ணிக்கை 2021இல் ஏறத்தாழ 7 கோடியாக இருந்து, 2025இல் 6 கோடிக்கும் கீழே வந்துவிட்டது. வெளியேறியோரில் ஒரு பகுதியினர் கட்டணமற்ற டி.டி. ஃப்ரீ டிஷ் சேவைக்குச் சென்றனர்; மற்றொரு பகுதியினர் அகலப்பட்டை இணையத்திற்கு. பெங்களூர் ஜெயநகரில் இருப்பவருக்கு இரண்டாம் வழி எளிது. குடகு மலையில் காப்பித் தோட்டத்து வீட்டில் இருப்பவருக்கு? கேபிள் அங்கே ஏறுவதில்லை. இணையம் எல்லா இடத்திற்கும் சீராக வருவதில்லை. அவருக்குத் தட்டு ஒன்றே வழி. அதுமட்டுமன்று. ஒரே டிரான்ஸ்பாண்டரில் கூடுதல் பிட்டுகளைத் திணிக்கச் சிக்கலான பண்பேற்றத்தையும் குறைந்த பிழைதிருத்தத்தையும் பயன்படுத்தினால், மழையைத் தாங்கும் ஆற்றல் குறையும். கு-பட்டை அலைகளைக் கனமழை விழுங்கிவிடும். தென்மேற்குப் பருவத்தில் குடகில் படம் நிற்பதற்கு மழை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

அப்படியானால் குறைந்த அளவு இத்தனை மெகாபிட் என்று அரசு ஆணையிடலாமே என்பீர்கள். நான் அதனை ஆதரிக்கவில்லை. எம்பெக்-2 முறைக்குத் தேவைப்பட்டதில் ஏறத்தாழப் பாதியே எம்பெக்-4க்குப் போதும். அதிலும் பாதியே எச்.இ.வி.சி. முறைக்குப் போதும். இன்று எழுதும் எண் ஐந்தாண்டில் பொருளற்றதாகும். அல்லது புதிய கருவி வாங்குவதையே தடுக்கும். வேண்டியது வெளிப்படுத்தல். பிஸ்கட் பொட்டலத்தின் எடையைக் குறைத்து அதே விலைக்கு விற்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் எடையை அச்சிட வேண்டும் என்கிறது. ஓர் அலகின் விலையையும் அச்சிட வேண்டும். இங்கே சந்தாதாரர் பார்க்கும் பட்டியலிலோ அலைவரிசையின் பெயரும் விலையும் எச்.டி. என்ற இரண்டெழுத்தும் மட்டுமே உள்ளன. அவற்றோடு பிரிதிறன், சுருக்க முறை, மாலை நேரச் சராசரி பிட் அளவு ஆகிய மூன்றையும் அலைவரிசைவாரியாக வெளியிடச் செய்யலாம். எண் மட்டும் போதாது என்றால், பார்வையாளர் குழுவை அமர்த்தி ஐந்து படிநிலைகளில் மதிப்பிடும் முறையைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பி.டி. 500 என்ற பரிந்துரையில் வகுத்துவைத்திருக்கிறது. அலைக்கற்றையும் சுற்றுப்பாதை இடமும் பொதுச் சொத்து. உரிமக் கட்டணமாக வருவாயில் பங்கும் பெறும் அரசு இதனைக் கேட்பது மிகையாகாது.

சோதித்தறிவது கடினம் என்ற மறுப்பை அடிக்கடி கேட்கிறேன். அது சரியன்று. கட்டண அலைவரிசையின் படம் பூட்டப்பட்டிருந்தாலும், அதனைச் சுமக்கும் 188 பைட் பொட்டலங்களின் முகவரிப் பகுதி பூட்டப்படுவதில்லை. எந்த அலைவரிசைக்கு எத்தனை பொட்டலங்கள் வருகின்றன என்று எண்ணினால் பிட் அளவு தெரிந்துவிடும். பிரிதிறனை அறிய மட்டும் ஒரு சந்தா வேண்டும். ஒரு தட்டு, கணினியில் பொருத்தும் ஓர் ஏற்பி அட்டை, ஒரு வாரப் பதிவு; இந்நகரின் பொறியியல் கல்லூரி எதிலும் இறுதியாண்டு மாணவர் இருவர் இதனைச் செய்து முடிக்கலாம். திங்கள்தோறும் மாலை ஏழு முதல் பத்து மணி வரை அளந்து, மழைக்காலத்தில் மடிக்கேரியிலும் ஓர் ஏற்பியை வைத்து, கிடைத்ததை அட்டவணையாக வெளியிடுவதற்குச் சிறியதோர் அலுவலகப் பிரிவே போதுமானது.