வேகமும் தேவையும்



ஜூஜுவாடியில் தொழிற்கூடம் நடத்தும் என் பழைய மாணவர் ஒருவர் 2018ஆம் ஆண்டில், "பி.எம்.டபிள்யூ ஐந்தாம் வரிசைக் காரில் சாதாரண வகையை வாங்குவதா, எம்5 என்னும் அதிவேக வகையை வாங்குவதா, ஐயா?" என்று வினவினார்.

அந்த எம்5 600 குதிரைத்திறன் உடையது, 3.4 வினாடியில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டும். வியத்தகு பொறியியலே! ஆயினும், அவ்வேகத்தில் ஓட்டுபவர் ஒரு வினாடி தயங்கினால் வண்டி ஏறத்தாழ 28 மீட்டர் ஓடிவிடும். வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்மடங்காகும். பிரேக் பிடித்தபின் நிற்கும் தொலைவும் ஏறக்குறைய அவ்வாறே பெருகும். லாரிகளும் ஆலைத் தொழிலாளரும் நிறைந்த நம் எல்லைச் சாலையில் அத்திறனுக்கு இடம் ஏது?

"சாதாரண வகையே போதும், மிஞ்சும் பணத்தில் தொழிலாளர் வந்துபோக ஒரு வேன் வாங்கலாம்" என்றேன்.

எப்பொருளையும் அது பயன்படும் இடமறிந்து தேர்ந்தெடுங்கள்.