மருத்துவ நிர்வாக மென்பொருளும் அதைக் கையாள்வோரும்



அரசு மருத்துவ நிர்வாகத்தில் கணிப்பொறி புகுந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 2008-இல் சுகாதார நிர்வாகத் தகவல் முறையின் வலைத்தளமும், 2009-இல் தாய்-சேய் கண்காணிப்பு முறையும் ஏற்பட்டன. ஆயினும், சேர்ந்த பதிவுகளின் எண்ணிக்கை மட்டுமே ஒரு மென்பொருளின் வெற்றியாகாது. கையாள்வோருக்கு அது எளிதாக உள்ளதா என்பதே உண்மையான அளவுகோல்.

2021 ஜனவரியில் தடுப்பூசித் திட்டத்துடன் தொடங்கிய ‘கோவின்’ இதற்குத் தக்க சான்று. கோடிக்கணக்கான பதிவுகளை அது தாங்கிற்று. ஆனால் 18 முதல் 44 வயது வரையிலானோர் இணையத்தில் பதிந்து, நேரம் குறித்த பின்னரே வரலாம் என்பது தொடக்க விதி. இணைய வசதியற்ற தொழிலாளிக்கு ஊசி எட்டாப் பொருளாயிற்று. மே 24 அன்று அரசு மையங்களில் நேரடிப் பதிவு அனுமதிக்கப்பட்டது. மே 31 அன்று உச்ச நீதிமன்றமும் இவ்வேற்றத்தாழ்வைச் சுட்டியது. ஜூனில் இந்தி, தமிழ் உள்ளிட்ட மொழிகளிலும் தளம் கிடைத்தது.

மற்றொரு நிகழ்ச்சியும் கருதத்தக்கது. நேரம் குறித்துவிட்டு வராத சிலருக்கும் ஊசி போடப்பட்டதாகச் செய்தி சென்றது. மையத்தில் தவறாகக் குறித்ததே காரணம். ஊழியரைக் கடிந்துகொள்வதால் இது தீர்ந்திராது. மே 8 முதல் பயனாளி கூறும் 4 இலக்கக் குறியீட்டைப் பதிந்த பின்னரே ஊசி விவரம் ஏறும் என முறையே மாற்றப்பட்டது. பிழைக்கு இடமளிக்கும் அமைப்பைத் திருத்துவதே நிர்வாகத்தின் கடமை.

துணைச் சுகாதார நிலையச் செவிலியரின் நிலை என்ன? ஒரே கர்ப்பிணியின் விவரத்தைப் பதிவேட்டில் எழுதி, மென்பொருளிலும் ஏற்றும் இரட்டைச் சுமையை அவர் பல இடங்களில் சுமக்கிறார். வீடு தேடிச் செல்ல வேண்டிய நேரம் திரைமுன் கழிகிறது. களைத்த கை பதியும் ஒரு தவறான இரத்த அழுத்த எண், ஆபத்திலுள்ள தாயைப் பட்டியலிலிருந்து மறைத்துவிடக்கூடும். இணைப்பற்ற இடத்திலும் பதிந்து, பின்னர் அனுப்ப இடமளிக்கும் ‘அன்மோல்’ செயலி (2016) சரியான திசையில் வைத்த அடியாகும்.

இனிச் செய்யத்தக்கவை நான்கு. முதலாவது, ஒருமுறை பதிந்த விவரத்திலிருந்தே எல்லா அறிக்கைகளும் உருவாக வேண்டும். இரண்டாவது, எந்த முடிவுக்கும் பயன்படாத கட்டங்களை நீக்க வேண்டும். மூன்றாவது, மென்பொருளை ஏற்குமுன் செவிலியரையும் பதிவு எழுத்தரையும் கொண்டு, அவர்கள் பணியிடத்திலேயே சோதிக்க வேண்டும். நான்காவது, பதிவுக்காகும் நேரத்தை அளந்து, அதைக் குறைப்பதை ஒப்பந்த நிபந்தனையாக்க வேண்டும்.

செவிலியரின் ஒரு மணி நேரம் மிச்சமாயின், அது ஒரு தாய்க்குக் கிடைத்த ஒரு மணி நேரமாகும். திட்டமிடுவோர் இக்கணக்கை மறத்தலாகாது.